ஆப்டோமெட்ரிஸ்ட் எதுவரை போகலாம்? சட்ட எல்லையைத் தேடிப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் கண்ணையும் பார்வையையும் பரிசோதித்துக் கண்ணாடிக்குப் பவர் சொல்பவர். எல்லா ஊர் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் படிக்கும் அடிப்படைப் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், பழகுவதும் அதே ஸ்லிட் லாம்ப்தான் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி). ஆனாலும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருப்பவர் லேசர் சிகிச்சை செய்யலாம். வேறு சில நாடுகளில் இருப்பவருக்குக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தைத் தொடவே அனுமதி கிடையாது. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் சட்டம். அதனால் "நான் என்னென்ன செய்யலாம்?" என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் தேடிப் பயனில்லை, சீனியரிடம் கேட்பதும் பாதி பதில்தான். அவர் சொல்வது பெரும்பாலும் அங்கே நடைமுறையில் இருக்கும் வழக்கம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது தனிக் கேள்வி.

எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் பதிலை நீங்களே தேடி எடுப்பது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். முதல் நோயாளியைப் பார்க்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு நேரம் கிடைக்காது.

முதல் படி: சட்டம் எதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று பாருங்கள்

தொழில் சட்டங்கள் இரண்டு விதமாகப் பூட்டுப் போடும். ஒன்று பெயருக்கு; பதிவு செய்யாதவர் தன்னை ஆப்டோமெட்ரிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று செயலுக்கு, குறிப்பிட்ட சில வேலைகளைப் பதிவு பெற்றவர் மட்டுமே செய்யலாம். உங்கள் சட்டத்தில் இருப்பது இதில் எது, அல்லது இரண்டுமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

பிரிட்டனின் 1989ஆம் ஆண்டு ஆப்டிஷியன்ஸ் சட்டத்தில் இரண்டும் உண்டு. பார்வைப் பரிசோதனை என்ற செயலையே அது பூட்டி வைத்திருக்கிறது. பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட்டோ மருத்துவரோதான் செய்யலாம். கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவதும் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ஆஸ்திரேலியாவின் வழி வேறு. அங்கே முக்கியப் பூட்டு பெயருக்குத்தான்; செயல்களில் கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் போன்ற பார்வைச் சாதனங்களுக்குச் சீட்டு எழுதுவதைத் தேசியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தனியாக எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம்தான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது. அங்கே ஒரு நோயின் பெயரைச் சொல்லி "உங்களுக்கு வந்திருப்பது இதுதான்" என்று நோயாளியிடம் அறிவிப்பதே கட்டுப்படுத்தப்பட்ட செயல். எந்தெந்த வகைக் கோளாறுகளை ஆப்டோமெட்ரிஸ்ட் அப்படி அறிவிக்கலாம் என்று சட்டம் தனியாகச் சொல்கிறது. கருவி, மருந்து என்று எதையுமே தொடாமல், வாயைத் திறந்தாலே எல்லைக் கேள்வி வந்துவிடும் என்பது புதியவர்கள் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், ஆப்டோமெட்ரிஸ்ட்டைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சுகாதாரத் தொழில்முறையாளர் என்று கருதப்படக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது. இப்படிப் புதிதாகச் சட்டம் வந்த எந்த இடத்திலும் மூன்று தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: சட்டம் நிறைவேறிய தேதி, அந்தந்தப் பிரிவு அமலுக்கு வந்த தேதி, பதிவேடு திறந்த தேதி. மூன்றும் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரண்டாம் படி: வரையறையில் வினைச்சொற்களைத் தேடுங்கள்

சட்டத்தின் தொடக்கத்தில் "ஆப்டோமெட்ரி என்றால்..." என்று ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். அதை அச்சிட்டு வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பரிசோதித்தல், அளவிடுதல், கண்டறிதல், சிகிச்சையளித்தல், பரிந்துரைத்தல், வழங்குதல், பொருத்துதல் என ஒவ்வொன்றும் தனித்தனி அனுமதி. "கண்டறியலாம்" என்று இருந்து "சிகிச்சையளிக்கலாம்" என்று இல்லாவிட்டால், கண்டறிந்ததோடு உங்கள் வேலை கண் மருத்துவரிடம் அனுப்பிவைப்பதாக மாறிவிடும்.

அப்புறம் விலக்குச் சொற்கள். "தவிர", "நீங்கலாக", "மருந்து பயன்படுத்தாமல்" போன்றவை பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும். எல்லைக்கோடு அங்கேதான் ஓடும். அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிக்கான முதல் சட்டம் 1901இல் மினசோட்டாவில் வந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் சொட்டு மருந்து பொதுவாக வெளியேதான் நின்றது. பரிசோதனைக்காகச் சொட்டுப் போடலாம் என்று ரோட் ஐலண்டு 1971இல் அனுமதித்தது. சிகிச்சைக்கான மருந்தை 1976இல் மேற்கு வர்ஜீனியா அனுமதித்தது. முதல் சட்டத்திலிருந்து முதல் சொட்டுக்கு 70 ஆண்டுகள்! பழைய நூல்களில் அல்லது பழைய வழக்குகளில் படித்ததை இன்றைய விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எப்போதும் கடைசித் திருத்தத்தோடு கூடிய பிரதியைத்தான் படிக்க வேண்டும்.

சட்டம் முடிந்தால் கீழே இறங்குங்கள். சட்டத்துக்குக் கீழே விதிகள், விதிகளுக்குக் கீழே கவுன்சிலின் (தொழிலின் பதிவையும் புகார்களையும் கவனிக்கும் அமைப்பு) நடத்தை நெறிகளும் வழிகாட்டுக் குறிப்புகளும் இருக்கும். சட்டம் பொதுவாகச் சொன்னதை விதி சுருக்கியிருக்கலாம். வழிகாட்டுக் குறிப்பு சட்டம் ஆகாதுதான். ஆனால் புகார் வந்தால் கவுன்சில் உங்களை அதை வைத்துத்தான் அளக்கும்.

உலக ஆப்டோமெட்ரி கவுன்சில் இந்தத் தொழிலின் திறன்களை நான்கு படிநிலைகளாகப் பிரிக்கிறது: கண்ணாடி தொடர்பான ஒளியியல் சேவை, பார்வைச் செயல்பாட்டுச் சேவை, கண் நோய் கண்டறிதல், கண் நோய் சிகிச்சை. இது எந்த நாட்டுக்கும் சட்டமில்லை, வெறும் அளவுகோல். ஆனாலும் படித்த வினைச்சொற்களை இந்த நான்கில் எங்கே வைக்கலாம் என்று பார்த்தால், உங்கள் இடம் எந்த நிலையில் நிற்கிறது என்பது சட்டென்று விளங்கும்.

மூன்றாம் படி: மருந்துச் சட்டத்தைத் தனியாகத் திறங்கள்

அதிகக் குழப்பம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மருந்து பற்றிய அனுமதி பெரும்பாலும் ஆப்டோமெட்ரி சட்டத்தில் மட்டும் இருக்காது. பிரிட்டனில் அது 2012ஆம் ஆண்டின் மனித மருந்துகள் ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. இந்தியாவில் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் எச் அட்டவணையில் வரும் மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. ஆப்டோமெட்ரி சட்டம் "கண் பராமரிப்பு" என்று எவ்வளவு தாராளமாக எழுதியிருந்தாலும், மருந்துச் சட்டத்தில் உங்கள் தொழிலின் பெயர் இல்லாவிட்டால் மருந்துக்கடையில் உங்கள் சீட்டு செல்லாது.

அந்தச் சட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

மருந்தை என்ன செய்யலாம்? பரிசோதனை அறையில் உங்கள் கையால் கண்ணில் விடுவது ஒன்று. நோயாளி கையில் கொடுத்தனுப்புவது இன்னொன்று. சீட்டு எழுதி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் தனித்தனி அனுமதி இருக்கலாம். கண்ணை மரக்க வைக்கும் புரோபராகெய்ன் சொட்டு நல்ல எடுத்துக்காட்டு: கண் அழுத்தம் பார்க்க அறைக்குள் ஒரு சொட்டு விடுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் வலிக்கிறதே என்று அதே குப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், நோயாளி அதைத் திரும்பத் திரும்ப விட்டுக் கருவிழியே (கார்னியா) கரைந்துபோகும் அளவுக்குப் போகலாம். சட்டம் என்ன சொன்னாலும் இதைக் கொடுத்தனுப்பவே கூடாது.

எந்த மருந்து? சில இடங்களில் மருந்துப் பெயர்களின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு அனுமதி இல்லை. சில இடங்களில் வகையைச் சொல்வார்கள், "மேற்பூச்சுக் கண் மருந்துகள்" என்பது போல. பட்டியல் முறையில் பாப்பாவை விரிக்கும் ட்ரோபிகமைடு இருந்து, கண்ணின் குவிக்கும் தசையை இன்னும் நன்றாகத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் இல்லாமல் போகலாம். குழந்தைகளுக்குப் பவர் பார்ப்பதை இது நேரடியாகப் பாதிக்கும். எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதும் முக்கியம்: சொட்டுக்கு அனுமதி இருந்தால் மாத்திரைக்கும் ஊசிக்கும் இருக்கிறது என்று பொருள் இல்லை.

யாருக்கு? ஒரே பதிவேட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே உரிமை என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 2008இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, கூடுதல் பயிற்சி பெற்றுத் தனிப் பதிவு வாங்கியவர்கள் கண் தொடர்பான நோய்களுக்குச் சுயமாக மருந்துச் சீட்டு எழுதலாம். ஊசி மருந்துகளும் கட்டுப்படுத்தப்பட்ட போதை மருந்துகளும் அவர்களுக்கும் கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் மருந்து எழுதும் தகுதி பதிவேட்டில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பெயருக்கு எதிரே அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

நான்காம் படி: "அறுவை சிகிச்சை" என்ற சொல்லுக்கு என்ன வரையறை?

கண்ணில் விழுந்த துகளை எடுப்பது, உள்நோக்கி வளரும் இமை முடியைப் பிடுங்குவது, கண்ணீர்ப் பாதையைக் கழுவிப் பார்ப்பது, கண்ணீர்த் துளையை அடைப்பது இவையெல்லாம் அறுவை சிகிச்சையா? சட்டத்தின் வரையறையைப் பொறுத்தது. "திசுவை வெட்டுதல்" என்று வரையறை இருந்தால் முடி பிடுங்குவது வெளியே நிற்கும். "உடலுக்குள் கருவியைச் செலுத்துதல்" என்று இருந்தால் கண்ணீர்ப் பாதைக்குள் குழல் விடுவதும் உள்ளே வந்துவிடும். பருத்திக் குச்சியால் துகளைத் தொட்டெடுப்பதும் ஊசி முனையால் நோண்டியெடுப்பதும்கூட வெவ்வேறு பக்கத்தில் விழலாம்.

லேசருக்கும் இதே கதைதான். ஓக்லஹோமா 1998இல் லேசரைச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தது; ஆனால் விழித்திரை லேசரையும், பவரைச் சரிசெய்யும் லேசிக்கையும், அழகுக்கான இமை அறுவையையும் நீக்கிவிட்டது. கென்டக்கி 2011இல் இதே வழியில் வந்தது. விலக்குகள் இவ்வளவு விவரமாக எழுதப்பட்டிருந்தால், விலக்காதது எல்லாம் உங்களுடையது என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கவுன்சில் தனியாகச் சான்றிதழ் கேட்கும் இடங்கள் உண்டு.

ஐந்தாம் படி: செய்தே ஆக வேண்டியதைப் படியுங்கள்

புதியவர்கள் "என்ன செய்யலாம்" என்ற பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமானது "எதைச் செய்யாமல் விடக்கூடாது" என்ற பட்டியல். எல்லைக்கோடு மேலே ஒன்று இருப்பதுபோல் கீழேயும் ஒன்று இருக்கிறது.

பிரிட்டனில் பார்வைப் பரிசோதனை என்று தொடங்கிவிட்டால், 1989ஆம் ஆண்டு விதிகளின்படி கண்ணின் வெளிப்பரப்பையும் அதைச் சுற்றிய பகுதியையும் பார்க்க வேண்டும், கண்ணின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும், தேவை என்று தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதிக்கவும் வேண்டும். முடிந்ததும் சீட்டையோ, கண்ணாடி தேவையில்லை என்ற அறிக்கையையோ கையில் கொடுத்தாக வேண்டும். பவர் மட்டும் பார்த்து அனுப்பிவிட முடியாது.

2012இல் அங்கே ஒரு சிறுவனின் கண்ணை ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் வழக்கமான பரிசோதனையில் பார்த்தார். பார்வை நரம்பின் முனையில் வீக்கம் இருந்தது. விழித்திரைப் படத்திலும் அது பதிவாகியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சில மாதங்களில் மூளையில் நீர் தேங்கிச் சிறுவன் இறந்தான். 2016இல் அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் என்று தண்டிக்கப்பட்டார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உள்ளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதை வைத்து உயிராபத்து முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று கொள்ள முடியாது. அந்த நேரத்தில் அவருக்கு உண்மையில் தெரிந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். ஆனால் உட்புறத்தைப் பார்க்கும் சட்டக் கடமை மீறப்பட்டது என்பதில் மாற்றமில்லை. குற்றவியல் தண்டனை போனாலும் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கை தனி வழியில் போகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அனுமதி இல்லாத எதையும் அவர் செய்துவிடவில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள்.

அனுப்பிவைப்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும். எந்த அறிகுறிக்கு அன்றே, எதற்கு ஒரு வாரத்துக்குள், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று உங்கள் இடத்தின் நெறிகளில் இருக்கும். "கண் டாக்டரைப் பாருங்க" என்று வாயால் சொல்வது அனுப்பிவைத்ததாகாது. கடிதம் எழுதுங்கள், என்ன கண்டீர்கள், எவ்வளவு அவசரம் என்று குறிப்பிடுங்கள், நோயாளியின் கோப்பிலும் எழுதுங்கள்.

ஆறாம் படி: ஒரு நோயாளியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

காகிதத்தில் படித்தது புரிந்ததா என்று தெரிய ஒரே ஒரு கேஸை எடுத்து நடத்திப் பார்க்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டே தூங்கும் பழக்கமுள்ள ஓர் இளைஞர். இரண்டு நாளாக வலது கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது. ஸ்லிட் லாம்ப்பில் கருவிழியின் நடுவை ஒட்டி 2 மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளி.

கண்டறியும் அனுமதி இல்லாத இடத்தில் உங்கள் வேலை சிறியது, ஆனால் கறாரானது. லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள், மறுபடி போட வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். லென்ஸையும் அதன் டப்பாவையும் தூக்கி எறியாமல் கூடவே எடுத்துப் போகச் சொல்லுங்கள், கிருமிப் பரிசோதனைக்கு அது உதவும். கண்ணைக் கட்டுப் போட்டு மூடாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். லென்ஸ் பழக்கம், வலி, வெள்ளைப் புள்ளி மூன்றும் சேர்ந்தாலே போதும், நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

கண்டறியும் அனுமதி இருந்தால் புண்ணைப் பளிச்சென்று காட்டும் ஃப்ளூரசீன் சாயம் விட்டுப் பாருங்கள். புண்ணின் அளவு, கருவிழி நடுவிலிருந்து தூரம், முன் அறையில் (கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்த இடம்) அழற்சி செல்கள் உண்டா என்று எழுதுங்கள். புண் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது அதன் விளிம்பு கருவிழி நடுவிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால், அல்லது முன் அறையில் செல்கள் தெரிந்தால் பார்வைக்கு ஆபத்தானது என்று எடுத்துக்கொள்வது நடைமுறை. இதில் ஏற்கெனவே இரண்டு பொருந்திவிட்டன. கடிதத்தில் இந்த எண்கள் இருந்தால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்பவருக்கு அவசரம் உடனே புரியும்.

சிகிச்சை அனுமதியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் சின்னதாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் சொட்டு எழுதி அடுத்த நாளே திரும்ப வரச் சொல்லலாம். இந்த இளைஞருக்கு அது பொருந்தாது. நடுவை ஒட்டியிருக்கிறது, சுரண்டி எடுத்துக் கிருமி என்னவென்று பார்க்க வேண்டியது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக வைத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பைக் குறைக்கலாமே என்று ஸ்டீராய்டைத் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பது பூஞ்சையாகவோ ஹெர்பீஸ் வைரஸாகவோ அகாந்தமீபா என்ற அமீபாவாகவோ இருந்தால் நிலைமை மோசமாகும்.

இதேபோல் திடீரெனக் கண்முன் மின்னலும் பூச்சியும் பறப்பதாகச் சொல்பவரையும், கண் அழுத்தம் 30ஐ (மி.மீ. பாதரசம்) தாண்டியவரையும் நீங்களே நடத்திப் பாருங்கள். எந்த வரியில் தயங்குகிறீர்களோ, அந்த இடத்தில் சட்டத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: சட்டத்துக்கு உள்ளே இருக்கும் சின்ன எல்லைகள்

சட்டம் விடுவதை எல்லாம் வேலை இடம் விடாது. நிறுவனத்தின் நெறிமுறை, தொழில் காப்பீட்டின் நிபந்தனை, உங்கள் சொந்தப் பயிற்சி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இருப்பதிலேயே குறுகலானதுதான் உங்கள் எல்லை. காப்பீட்டுப் பத்திரத்தை யாரும் படிப்பதில்லை, ஆனால் கண்ணில் விழுந்த துகளை எடுப்பதை அது ஏற்கிறதா என்பது அங்கேதான் எழுதியிருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: முதலாளி சொன்னார் என்பதால் சட்ட எல்லை விரியாது. "இங்க எல்லாரும் பண்றாங்க" என்பது விசாரணையில் பதிலாக நிற்காது.

பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கவுன்சிலின் விளம்பர நெறிகளில் பார்த்துவிட்டுப் பெயர்ப்பலகை அடியுங்கள்.

சீட்டு யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் கண்ணாடி விதிப்படி, நோயாளி கேட்காவிட்டாலும் பரிசோதனை முடிந்தவுடன் கண்ணாடிச் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. 2004இல் கான்டாக்ட் லென்ஸுக்கும் அதுபோன்ற விதி வந்தது. நம்மிடமே கண்ணாடி வாங்கட்டும் என்று சீட்டைப் பிடித்து வைப்பது அங்கே வியாபாரத் தந்திரம் ஆகாது, சட்டமீறல்.

எட்டாம் படி: தெளிவில்லாததை எழுதிக் கேளுங்கள்

எவ்வளவு படித்தாலும் சில இடங்களில் சட்டம் ஒன்றுமே சொல்லாது. புதுக் கருவி வரும், வீடியோ வழியே ஆலோசனை வரும், வேறு மாநிலத்தில் இருப்பவர் அழைப்பார். சட்டம் சொல்லாமல் விட்டதை அனுமதி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். செயலைப் பூட்டும் இடத்தில் சொல்லாதது பெரும்பாலும் உங்களுக்கு எதிராகப் போகும். பெயரை மட்டும் பூட்டும் இடத்தில் உங்கள் பக்கம் சாயலாம்.

கவுன்சிலிடம் தொலைபேசியில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும். எழுத்தில் கேளுங்கள். "நான் ஆப்டோமெட்ரிஸ்ட், இதைச் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "சட்டத்தைப் பார்க்கவும்" என்றுதான் பதில் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"என் பதிவு எண் இது. கூடுதல் தகுதிக் குறிப்பு எதுவும் இல்லை. வேலை பார்ப்பது தனியார் கிளினிக்கில், அங்கே கண் மருத்துவர் நேரில் இருப்பதில்லை. கருவிழியின் மேற்பரப்பில் ஒட்டிய துகளை, மரப்புச் சொட்டு விட்டு, ஈரப் பருத்திக் குச்சியால் எடுக்க விரும்புகிறேன். ஊசி பயன்படுத்த மாட்டேன். சட்டத்தின் இந்தப் பிரிவும் மருந்து விதியின் இந்தப் பத்தியும் இதை அனுமதிப்பதாகப் படித்திருக்கிறேன். இந்தப் புரிதல் சரியா? இல்லையென்றால் எந்த விதி தடுக்கிறது?"

செயல், கருவி, மருந்து, இடம், மேற்பார்வை ஐந்தும் இருப்பதால் மழுப்ப முடியாது. பதில் வந்ததும் தேதியோடு கோப்பில் வையுங்கள். பதில் வரும்வரை அந்தத் துகளோடு வருபவரைக் கண் மருத்துவரிடம் அனுப்பிக்கொண்டிருங்கள். பதிவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பைத் திறந்து, குறிப்பிட்ட பிரிவும் பத்தியும் இன்னும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.